டெல்டா மண்ணில் குப்பை எரிசாம்பல்: தேர்வு முதல் கண்காணிப்பு வரை ஒரு செய்முறை வழிகாட்டி

நகரக் குப்பையை முறையான உலையில் எரித்தால், உள்ளே போன எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை அடிச்சாம்பலாகத் தங்கிவிடுகிறது. கண்ணாடித் துண்டு, ஓட்டுச் சில்லு, உருகி உறைந்த கசடு, மணல், உலோகத் துணுக்கு எல்லாம் கலந்த கருஞ்சாம்பல் நிறச் சரளை அது. நாளொன்றுக்கு 100 டன் குப்பையை எரிக்கும் உலையில் 20 முதல் 25 டன் வரை இப்படிச் சேரும். சாலைப் பணிக்கு வேண்டிய கிராவலை வல்லம், புதுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து லாரியில் ஏற்றிவர வேண்டியிருக்கும் காவிரி டெல்டாவில், இந்தச் சரளையை ஏன் மண் பணிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நகராட்சிப் பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் கேட்பது நியாயமானதே. எடுத்துக்கொள்ளலாம், டென்மார்க்கும் நெதர்லாந்தும் பல பத்தாண்டுகளாகச் சாலைகளின் அடித்தளத்தில் இதைப் பயன்படுத்தியிருக்கின்றன. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இதைச் செய்ய முனைபவர் சாம்பலின் வலிமையை அளப்பதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறாரோ, அதைவிட அதிக நேரத்தை அதன் ஊடே கசிந்து போகும் நீரை அளப்பதற்குச் செலவிட வேண்டும். சம்பாப் பருவத்தில் வாய்க்கால் ஓரங்களில் நிலத்தடி நீர் தரைக்கு ஓரிரு மீட்டர் அருகில் வந்து நிற்கும் நாட்டில், தாங்குதிறன் குறைந்தால் சாலைதான் பள்ளமாகும்; கசிவைக் காக்கத் தவறினால் கிணறும் வயலும் கெடும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்தக் கவலையை முன்வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

எந்தச் சாம்பல் என்று முதலில் உறுதிசெய்தல்

டெல்டாவில் சாம்பல் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் புழங்குகின்றன. அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல் பெரும்பகுதி சிலிக்கா; சுண்ணாம்புடன் சேர்த்தால் களிமண்ணை இறுக்குவதில் நல்ல பெயர் வாங்கியது. நெய்வேலி அனல்மின் நிலையங்களின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலுக்கும் சாலைப் பணியில் நீண்ட அனுபவம் உண்டு. நிலக்கரிச் சாம்பலைக் கொண்டு சாலைக் கரை அமைப்பதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2001-இல் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 58 என்ற வழிகாட்டு நெறியை வெளியிட்டது. அந்த நெறி குப்பைச் சாம்பலுக்குப் பொருந்தாது. ஒப்பந்த ஆவணத்தில் "சாம்பல் நிரப்பு, எஸ்.பி. 58-இன்படி" என்று மட்டும் எழுதிவிட்டுக் குப்பைச் சாம்பலை இறக்குவது தவறு, இரண்டின் வேதியியலும் வேறு.

குப்பை உலையிலேயே இரண்டு சாம்பல்கள் வெளிவருகின்றன. எரிதட்டின் அடியில் விழுவது அடிச்சாம்பல். புகையை வடிகட்டும் பைகளிலும் கொதிகலன் குழாய்களிலும் படிவது பறக்கும் சாம்பல். அது எரித்த எடையில் சில விழுக்காடு மட்டுமே என்றாலும், ஈயம், காட்மியம், துத்தநாகம், குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுக் கரிமச் சேர்மங்கள் ஆகியவை அதில்தான் குவிகின்றன. பறக்கும் சாம்பலை எந்த மண் பணிக்கும் எடுக்கக் கூடாது. இரண்டையும் உலை வளாகத்திலேயே ஒன்றாகக் கொட்டும் வழக்கம் இருந்தால் அந்த உலையின் சாம்பலையே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பிறகு பிரிக்க வழியில்லை. உலையை நேரில் சென்று பார்த்து, இரண்டு சாம்பலும் தனித்தனிப் பாதையில் வெளியேறுவதைக் கண்ணால் கண்ட பிறகே மாதிரி எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குப்பைக் கிடங்கில் தானாகவோ, யாரோ கொளுத்தியோ எரிந்து மிஞ்சிய சாம்பலை இந்த வழிகாட்டி ஏற்கவில்லை. அது குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரிந்தது. பாதி கருகிய பிளாஸ்டிக்கும் கரியும் அதில் நிறைந்திருக்கும். ஒரு கூடைக்கும் அடுத்த கூடைக்கும் தன்மை மாறும். முறையான உலையின் அடிச்சாம்பலுக்கு 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஓர் அளவுகோல் வைத்தன: மொத்தக் கரிமக் கார்பன் 3 விழுக்காட்டுக்குக் கீழே, அல்லது சூடாக்கும்போது ஏற்படும் எடை இழப்பு உலர் எடையில் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பணி தொடங்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் பார்த்துக்கொண்டு, இந்தச் சோதனையை வாசலிலேயே வடிகட்டியாக வையுங்கள். தேறாத லாரி திரும்பிப் போக வேண்டும்.

உலோகம் நீக்கி, ஆறப்போடுதல்

உலையிலிருந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்து வெளிவரும் புதுச் சாம்பலின் பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) பெரும்பாலும் 11-க்கு மேல், சில வேளைகளில் 12-க்கும் மேல் இருக்கும். அதில் இரும்பும் அலுமினியமும் கலந்திருக்கும். காந்தத்தால் இரும்பை எடுப்பது எளிது. விற்றால் பணமும் வரும் என்பதால் அதை யாரும் மறப்பதில்லை. அலுமினியத்தை எடுக்கச் சுழல்மின்னோட்டப் பிரிப்பான் வேண்டும், அதைத்தான் பலர் தவிர்க்கப் பார்க்கிறார்கள். உலோக அலுமினியம் காரநீரில் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அமுக்கி மூடிய அடுக்குக்குள் அது நடந்தால் தளம் கொப்புளித்து மேலெழும்; சிமெண்ட் கலந்த அடுக்கானால் வெடிப்பே விழும். எனவே அலுமினியம் போன்ற இரும்பல்லாத உலோகம் நீக்கப்படாத சாம்பலைக் கட்டுத்தளத்தின் அடியிலோ சிமெண்ட் அடுக்கிலோ வைக்கக் கூடாது. களத்தில் எளிதாகப் பார்க்க வேண்டுமானால், 4 மி.மீ. சல்லடைக்குக் கீழே விழுந்த சாம்பலில் ஒரு பிடியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, காற்றோட்டமான திறந்த வெளியில், அருகில் நெருப்பு இல்லாமல், கையுறையும் கண் கவசமும் அணிந்து குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். குமிழி தொடர்ந்து எழும்பினால் அந்தக் குவியல் இன்னும் தயாராகவில்லை.

பிறகு ஆறப்போடுதல். சாம்பலில் உள்ள சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது; பி.எச். 12-இலிருந்து மெல்ல 8-க்கும் 10-க்கும் இடைப்பட்ட அளவுக்கு இறங்குகிறது. அந்த நிலையில் ஈயமும் துத்தநாகமும் மிகக் குறைவாகவே கரையும். இதற்கு வெளிநாடுகளில் வழக்கமாக ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை கொடுக்கிறார்கள். ஈரம் இருந்தால்தான் இந்த மாற்றம் நடக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நம் வெயிலில் குவியலின் மேற்பகுதி எலும்பாகக் காய்ந்துவிடும். காய்ந்த சாம்பல் பல மாதம் கிடந்தாலும் ஆறாது. கையில் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரம் இருக்கும்படி தெளித்து, இரண்டு மீட்டருக்கு மேல் உயராமல் குவித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். குவியலின் உள்ளிருந்து எடுத்த பல மாதிரிகளின் பி.எச். 10-க்குக் கீழே நிலைத்த பிறகே ஆறிவிட்டதாகக் கொள்ளலாம். காற்றுப் படும் மேல்தோலிலிருந்து எடுத்த மாதிரி உள்ளிருப்பதைவிட நல்ல எண்ணைக் காட்டக்கூடும்.

குவியல் நிற்கும் களம் காங்கிரீட் தளமாகவோ, 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) விரிப்பு போட்ட தளமாகவோ இருக்க வேண்டும். வடியும் நீரில் குளோரைடும் சல்பேட்டும் ஏராளம். அதைத் தொட்டியில் பிடித்து மீண்டும் குவியலின் மேலேயே தெளிக்கலாம். வாய்க்காலில் விடவே கூடாது. காலமும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆறப்போட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் தொடக்கத்தில் தார்ப்பாயால் மூடிவிட்டு, மேட்டூர் மூடி வாய்க்கால்கள் வற்றிய பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில் பரப்புவதே இங்குப் பொருந்தும் சுற்று. ஓராண்டு ஆகும்தான். அவசரப்படுத்தும் ஒப்பந்தக்காரரிடம் இந்த நாள்காட்டியை ஒப்பந்த ஆவணத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

கசிவுச் சோதனை

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் அரைகுறையாக நின்றுவிடுகின்றன. ஆய்வகத்திலிருந்து ஒரே ஒரு தாள் வரும்: டி.சி.எல்.பி. சோதனையில் சாம்பல் தேறிவிட்டது, அபாயக் கழிவு இல்லை என்று. அசிட்டிக் அமிலக் கரைசலில், ஒரு பங்கு சாம்பலுக்கு இருபது பங்கு நீர்மம் என்ற கணக்கில், ஏறத்தாழ 18 மணி நேரம் சுழற்றி, வடிகட்டிய நீரில் உலோகங்களை அளக்கும் சோதனை அது. லிட்டருக்கு ஈயம் 5 மில்லிகிராம், காட்மியம் 1, ஆர்செனிக் 5, பாதரசம் 0.2 என்பவை அதன் வரம்புகள். இந்த வரம்பைத் தாண்டிய சாம்பலை அபாயக் கழிவு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதில் பேச்சே இல்லை. ஆனால் தாண்டாத சாம்பல் நீருக்குத் தீங்கற்றது என்று அந்தத் தாள் சொல்லவில்லை. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 ஈயத்துக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். இரண்டு எண்களுக்கும் இடையே 500 மடங்கு இடைவெளி இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. டி.சி.எல்.பி. என்பது அழுகும் குப்பையோடு சேர்த்துப் புதைக்கப்படும் கழிவை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. சாலையின் அடியில் அசிட்டிக் அமிலம் இல்லை. மழைநீரும் நிலத்தடி நீரும்தான் இருக்கின்றன. காரத்தன்மை மிகுந்த சாம்பல் அந்தச் சோதனையின் அமிலத்தைத் தானே தின்றுவிட்டு, பி.எச். 8 அல்லது 9 அருகில் போய் நிற்கக்கூடும். ஈயம் மிகக் குறைவாகக் கரையும் இடம் அதுவே என்பதால் அறிக்கையில் அழகான எண் வரும். அதே சாம்பல் வெறும் நீரில் பி.எச். 12-இல் நிற்கும்போது ஈயத்தைத் தாராளமாக விடும். ஆகவே ஆய்வகத்திடம் மூன்றைக் கேளுங்கள். முதலாவது, டி.சி.எல்.பி. முடிவோடு சோதனை முடியும்போது இருந்த பி.எச். அளவு. இரண்டாவது, வெறும் நீரில் ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் 24 மணி நேரம் குலுக்கும் சோதனை. ஐரோப்பியத் தரமான இ.என். 12457-இன் இரண்டாம் பகுதியில் உள்ள முறை இது. மூன்றாவதாக, உலோகங்களோடு குளோரைடு, சல்பேட், மின்கடத்துதிறன் (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் அளவு), ஆன்டிமனி, செம்பு ஆகியவற்றின் அளவு. ஆறப்போடுவதால் ஈயம் அடங்கினாலும் ஆன்டிமனி சற்றுக் கூடுதலாகக் கரையக்கூடும். செம்பு எரியாமல் மிஞ்சிய கரிமப் பொருளோடு சேர்ந்து நீரில் இறங்கும். ஒன்றைச் சரிசெய்யும் வழி இன்னொன்றைக் கெடுக்கக்கூடிய பொருள் இது என்பதால்தான் ஒரே எண்ணை நம்பக் கூடாது என்கிறேன்.

உப்பு விஷயத்தை நம்மவர்கள் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நெற்பயிர் உப்பைத் தாங்காத பயிர். மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்குகிறது. புதுச் சாம்பலைக் கழுவிவரும் முதல் நீர் அந்த அளவை எளிதில் மிஞ்சும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் ஏற்கெனவே கடல்நீர் ஏறிய நிலம். அங்கே இன்னும் உப்பைச் சேர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சாம்பலை ஒருமுறை நீரில் கழுவி 2 மி.மீ.-க்குக் குறைந்த நுண்துகளைப் பிரித்துவிட்டால் உப்பும் உலோகமும் கணிசமாகக் குறையும், ஏனெனில் அவை பெரும்பாலும் நுண்துகளில்தான் ஒட்டியிருக்கின்றன. கழுவிய நீரைச் சுத்திகரிக்கும் செலவைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நெதர்லாந்தின் அனுபவத்தை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அதுவும் நம்மைப் போல ஆறுகளின் கழிமுகத்தில் அமைந்த தாழ்நில நாடு. அங்கே நெடுங்காலம் அடிச்சாம்பலை விரிப்பால் சுற்றி மூடிச் சாலைக் கரைகளில் வைத்தார்கள். அப்படி வைத்தால் அதைக் காலமெல்லாம் பாதுகாக்க வேண்டியிருந்தது. 2012-இல் அரசும் உலை நடத்துபவர்களும் செய்துகொண்ட உடன்பாடு, மூடி வைப்பதை நம்புவதற்குப் பதிலாக, 2020-க்குள் மூடாமலே பயன்படுத்தும் அளவுக்குச் சாம்பலைத் தூய்மைப்படுத்துவதை இலக்காகக் கொண்டது. டெல்டாவுக்குப் பின்பற்றத்தக்க திசை இதுவே என்று நினைக்கிறேன்: மூடுங்கள், ஆனால் மூடி ஒருநாள் கிழியும் என்று கருதி முதலில் கழுவுங்கள்.

களிமண்ணோடு கலவை

டெல்டாவின் கனமான வண்டல் களிமண் ஈரத்தில் உப்பிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, ஐ.எஸ். 2720-இன் 40-ஆம் பகுதிப்படி அளக்கும் தடையற்ற வீக்கக் குறியீடு 50 விழுக்காட்டைத் தாண்டும் களிமண்ணைச் சாலைக் கரைக்கு ஏற்பதில்லை. ஆறிய அடிச்சாம்பலைக் கலந்தால் இரண்டு வகையில் உதவி கிடைக்கிறது. சரளையான துகள்கள் களிமண்ணின் பங்கைக் குறைத்து உராய்வைக் கூட்டுகின்றன. சாம்பலிலிருந்து வரும் கால்சியம் களித் துகள்களின் மேலுள்ள சோடியத்தை விலக்கிவிட்டு அமர்ந்து குழைவுத்தன்மையைக் குறைக்கிறது.

உலர் எடையில் 10, 20, 30, 40 விழுக்காடு சாம்பல் கொண்ட கலவைகளையும், சாம்பல் இல்லாத மண்ணையும் தனித்தனியே தயாரித்து, நீர்ம எல்லை, குழைவு எல்லை, வீக்கக் குறியீடு, பிராக்டர் சோதனை (எந்த ஈரத்தில் மண் அதிகமாக இறுகும் என்று இடித்துப் பார்ப்பது), நான்கு நாள் ஊறிய சி.பி.ஆர். (மண்ணின் தாங்குதிறன் அளவு), 7 நாள் மற்றும் 28 நாள் கட்டற்ற அமுக்க வலிமை ஆகியவற்றைப் பாருங்கள். இவை எல்லாம் ஐ.எஸ். 2720-இன் பல பகுதிகளில் உள்ளவையே. எந்த மண் ஆய்வகத்திலும் செய்வார்கள். ஆனால் சாம்பல் என்பதால் ஆய்வகத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டிய சில உண்டு. சாம்பல் துகள் நுண்துளை உடையது, நீரை மெதுவாகக் குடிக்கும். எனவே நீர் கலந்த கலவையை ஒரு நாள் மூடி வைத்துப் பிறகு இடிக்க வேண்டும். சுத்தியல் அடியில் துகள் நொறுங்கும் என்பதால், பிராக்டர் வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் புது மாதிரி எடுக்க வேண்டும். இடித்ததையே உதிர்த்து மீண்டும் இடித்தால் அடர்த்தி பொய்யாகக் கூடும். ஈரப்பதம் அளக்கும்போது 105 டிகிரியில் உலர்த்தினால் ஜிப்சம் போன்றவற்றில் பிணைந்த நீரும் வெளியேறி எண்ணை உயர்த்திவிடும். 60 டிகிரியில் எடை நிலைக்கும் வரை உலர்த்தச் சொல்லுங்கள்.

முடிவுகளை வாசிக்கும்போது அடர்த்தியில் கவனம் வேண்டும். தனிச் சாம்பலின் அதிகபட்ச உலர் அடர்த்தி பொதுவாகக் கன சென்டிமீட்டருக்கு 1.5 முதல் 1.8 கிராம் வரை இருக்கும். அமைச்சக விவரக்குறிப்போ கன மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று குறைந்தபட்ச அளவு கேட்கிறது (கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் என்பது ஏறத்தாழ 9.8 கிலோநியூட்டன்): வெள்ளம் நிற்காத, மூன்று மீட்டருக்கு உட்பட்ட கரைக்கு 15.2, அதைவிட உயர்ந்த கரைக்கும், நெடுநாள் நீரில் நிற்கும் எந்த உயரக் கரைக்கும் 16.0, சாலையின் துணைத்தளத்துக்கு (தள அடுக்குகளுக்கு நேர் அடியிலுள்ள மண் அடுக்கு) 17.5. டெல்டாவின் பல சாலைக் கரைகள் ஐப்பசி, கார்த்திகையில் நீரில் நிற்பவை, எனவே 16.0 என்ற எல்லையையே எடுத்துக்கொள்ளுங்கள். இலேசான நிரப்புப் பொருளுக்கு அந்த அட்டவணையில் விலக்கு உண்டென்றாலும், குப்பைச் சாம்பலுக்கு அது பொருந்தும் என்று தானாக முடிவுசெய்யாமல் அதிகாரம் பெற்ற பொறியாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். நடைமுறையில் 20 முதல் 30 விழுக்காட்டுக் கலவையே வலிமைக்கும் அடர்த்திக்கும் ஒத்துவரும் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் மண் வேறு சொன்னால் உங்கள் மண்ணையே நம்புங்கள்.

வலிமை போதவில்லை என்றதும் 3 அல்லது 4 விழுக்காடு சுண்ணாம்பு சேர்க்கச் சொல்வது மண் பொறியாளர்களின் வழக்கம். குப்பைச் சாம்பலில் அது மிகவும் யோசித்துச் செய்ய வேண்டியது. சுண்ணாம்பு கலவையின் பி.எச்.-ஐ மீண்டும் 12.4 வரை ஏற்றிவிடும். மாதக்கணக்கில் ஆறப்போட்டு அடக்கிய ஈயம் மறுபடியும் கரையத் தொடங்கும். சிமெண்டுக்கும் இதே எச்சரிக்கை ஓரளவு பொருந்தும். சேர்த்தே ஆக வேண்டுமானால், சேர்த்த கலவையையே 28 நாள் கழித்துக் கசிவுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தனிச் சாம்பலுக்கு வாங்கிய பழைய அறிக்கை அந்தக் கலவைக்குச் செல்லாது.

எங்கே வைக்கலாம்

முதல் தெரிவு, விரிப்பு போட்டு அமைத்த குப்பை நிரப்பு நிலத்தின் உள்ளேயே இருக்கும் வேலைகள்: அன்றாட மூடுபடலம், உள்வழித் தடம், இறுதி மூடலுக்கு முந்தைய சமன்படுத்தும் அடுக்கு. கசிவு நீர் எப்படியும் அங்கே பிடிக்கப்படுகிறது. அடுத்தது, நகராட்சி தன் பொறுப்பிலேயே வைத்திருக்கும் வளாகங்களின் தார் அல்லது காங்கிரீட் போட்ட வாகன நிறுத்தம், கிடங்கு முற்றம், அணுகுசாலை ஆகியவற்றின் கீழ் அடுக்கு. உரிமையாளர் மாறாத இடம் என்பதே இதன் பெரிய நன்மை.

வயல் வரப்பு, ஆற்றுக் கரை, வாய்க்கால் கரை, குளக்கரை, பள்ளி மைதானம், வீட்டுத் தோட்டம் ஆகியவற்றுக்கு இது கூடாது. தாழ்வான மனையை மேடாக்கச் சவுடு மண்ணுக்குப் பதில் இதைக் கேட்பவர்கள் நிச்சயம் வருவார்கள். விலையின்றிக் கிடைக்கும் என்றால் இன்னும் வேகமாக வருவார்கள். கொடுக்கக் கூடாது. அங்கே நாளை கிணறு தோண்டுவார்கள், முருங்கை நடுவார்கள், குழந்தைகள் விளையாடுவார்கள். 2020-இல் சட்டத்தின் மூலம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்ட நிலம் இது என்பதையும், குப்பைச் சாம்பல் என்ற பெயரைக் கேட்டதும் விவசாயிகள் எதிர்ப்பார்கள் என்பதையும், அந்த எதிர்ப்பில் பொருள் இருக்கிறது என்பதையும் மனத்தில் கொண்டு, கிராம சபையில் சோதனை அறிக்கைகளை முன்வைத்துப் பேசிய பிறகே இடத்தை இறுதிசெய்யுங்கள்.

நிலத்தடி நீர்மட்டத்தை மே மாதத்தில் துளையிட்டு அளந்துவிட்டு அதையே வடிவமைப்புக்கு எடுப்பது டெல்டாவில் பெரும் பிழை. வாய்க்கால் ஓடாத மாதம் அது. நவம்பர் முதல் ஜனவரி வரை அளக்க வேண்டும். முடியாவிட்டால் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் உறையில் படிந்திருக்கும் உயர்மட்டக் கறையையும், அந்த வயல்காரர்களின் சொல்லையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சாம்பல் அடுக்கின் அடிப்பகுதி அந்த உயர்மட்டத்துக்கு ஒரு மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது நான் பரிந்துரைக்கும் அளவு. கிணறு, குளம், ஆறு ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு, குப்பை நிரப்பு நிலத்துக்கு 2016 விதிகள் சொன்ன தூரங்களையே இதற்கும் எடுத்துக்கொள்ளலாம்: ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி என்று கைவிரல்களாகப் பிரிந்து ஓடும் நாட்டில் இந்தத் தூரங்களைக் காக்கக்கூடிய இடம் அதிகம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் திட்டத்தைச் சுருக்க வேண்டும், தூரத்தைச் சுருக்கக் கூடாது.

புதைந்த இரும்பு அருகிலும் வேண்டாம். இரும்புப் பட்டைகளால் வலுவூட்டிய மண் சுவர்களுக்கு நிரப்பு மண்ணின் பி.எச். 5 முதல் 10-க்குள், குளோரைடு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள், சல்பேட் 200-க்குள் என்று வழக்கமாகக் கேட்கிறார்கள். குப்பைச் சாம்பல் அதில் தேறுவது கடினம். பாலியெஸ்டர் வலையும் காரத்தில் சிதையும். வலை தேவைப்பட்டால் பாலிப்ரொப்பிலீன் அல்லது எச்.டி.பி.இ. வலையைத் தேர்ந்தெடுங்கள்.

பரப்பி மூடுதல்

ஒரு கிலோமீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 200 மி.மீ. கனம் என்றால் 1,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.7 டன் உலர் எடை, 30 விழுக்காடு சாம்பல் என்று கொண்டால் ஏறத்தாழ 510 டன் சாம்பல் போதும். முன்னர் சொன்ன 100 டன் உலையின் ஒரு மாதச் சாம்பலைவிடக் குறைவு இது. எனவே பெரிய அளவில் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. நூறு மீட்டர் சோதனைத் துண்டு போட்டு ஒரு பருவமழையைப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

அடியில் மணல் அல்லது கிராவல் அடுக்கு ஒன்றை இடுங்கள். கீழிருந்து ஈரம் மேலேறுவதை அது தடுக்கும். ஈரம் ஏறினால் உப்பும் சேர்ந்து ஏறி, மெல்லிய தார்ப்படலத்தின் அடியில் படிகமாகி அதைத் தூக்கிவிடும். கலவையை உகந்த ஈரப்பதத்துக்கு இரண்டு விழுக்காடு மேல்கீழாகப் பேணி, 200 மி.மீ. அளவில் பரப்பி, 8 முதல் 10 டன் ரோலரால் அமுக்குங்கள். கரையானால் 95, துணைத்தளமானால் 97 விழுக்காட்டு அடர்த்தி எட்டியதா என்று மணல் நிரப்பு முறையில் (தோண்டிய குழியை அளந்த மணலால் நிரப்பி அடர்த்தி காண்பது) சரிபார்த்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போகலாம். பக்கச் சரிவை அரை மீட்டர் கனத்துக்குக் களிமண்ணால் மூடிப் புல் பதிக்க வேண்டும். மேல்தளம் செப்டம்பர் முடிவதற்குள் போடப்பட்டிருக்க வேண்டும். திறந்த சாம்பல் அடுக்கு ஒரு ஐப்பசி மழையை வாங்கினால் இதுவரை செய்த கவனம் எல்லாம் நீரோடு போய்விடும். சாம்பலைக் கையாளும் தொழிலாளர்களுக்கு முகக்கவசம், ரப்பர் கையுறை, முழங்கால் வரை காலணி கட்டாயம் கொடுக்க வேண்டும். ஈரச் சாம்பல் தோலைப் புண்ணாக்கும். கழுவுவதற்கு நல்ல தண்ணீர் பணியிடத்திலேயே இருக்க வேண்டும்.

கண்காணிப்பும் பதிவும்

சாம்பல் வருவதற்கு முன்பே நீரோட்டத்துக்கு மேற்புறம் ஒன்றும் கீழ்ப்புறம் இரண்டும் ஆகக் கண்காணிப்புக் குழாய்களை இறக்கி, ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் நீர் ஏற்கெனவே உப்பாக இருக்கக்கூடும். அந்த முந்தைய அளவு கையில் இல்லாவிட்டால் பிறகு வரும் எந்த எண்ணுக்கும் பொருள் சொல்ல முடியாது. பணி முடிந்த பின் ஒவ்வோர் ஆண்டும் பொங்கலை ஒட்டியும் மே மாதத்திலும் பி.எச்., மின்கடத்துதிறன், குளோரைடு, சல்பேட், ஈயம், செம்பு ஆகியவற்றை அளக்கலாம். குளோரைடுதான் முதலில் ஓடிவரும். அது மண்ணில் எங்கும் ஒட்டுவதில்லை. மேற்புறக் குழாயில் மாறாமல் கீழ்ப்புறக் குழாயில் மட்டும் அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளில் குளோரைடும் மின்கடத்துதிறனும் ஏறியிருந்தால், உலோகம் வரும்வரை காத்திருக்காமல், தளத்தின் விரிசல்களையும் சரிவின் களிமண் மூடலையும் உடனே தேடிச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பின்னும் இறங்காவிட்டால் அந்தத் துண்டைத் தோண்டியெடுத்து விரிப்பு போட்ட நிரப்பு நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவுக்கான தொகையைத் தொடக்க மதிப்பீட்டிலேயே தனித் தலைப்பில் ஒதுக்கி வையுங்கள்.

சர்வே எண், அடுக்கின் ஆழமும் கனமும், சாம்பல் வந்த உலை, லாரி வாரியான சோதனை அறிக்கை, கலவை விகிதம், பரப்பிய நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, ஒரு படியை நகராட்சியிலும் ஒரு படியை அந்தப் பகுதி ஊராட்சியிலும் வைக்க வேண்டும். குடிநீர்க் குழாய் பதிக்கவோ கேபிள் இழுக்கவோ பல ஆண்டுகள் கழித்து அங்கே பள்ளம் தோண்ட வருபவருக்கு அனுமதி கொடுக்கும் முன் இந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையையும், தோண்டிய சாம்பல் மண்ணை வெளியே விற்கவோ கொட்டவோ கூடாது, அதே பள்ளத்தில் நிரப்பி மேலே மீண்டும் தளம் போட வேண்டும் என்ற நிபந்தனையையும் சாலை வெட்டு அனுமதிப் படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.